புழுங்கல் அரிசியும் சீசியமும்: காவிரிப் படுகைக்கான கண்காணிப்பு முறை குறித்து

கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் முதல் உலை இயங்கத் தொடங்கியது 1983-இல். அதற்கு முன்பே அங்கு சுற்றுச்சூழல் ஆய்வுக்கூடம் அமைந்து, வட்டாரத்தின் நீர், பால், அரிசி, மீன் ஆகியவற்றின் கதிரியக்கத்தை அளந்து வைத்தது. பிறகு வந்த ஒவ்வோர் அளவையும் ஒப்பிட்டுப் பொருள்கொள்ள அந்த முன்னளவே ஆதாரம். அதே ஏற்பாடு தஞ்சை வயல்களுக்கும் வேண்டும். அதை புகுஷிமா அணுவிபத்துக்குப் பின் வந்த ஜப்பானிய முறையின் நகலாக அன்றி, நாம் நெல்லைப் பக்குவப்படுத்தும் விதத்திலிருந்து வகுக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கல்பாக்கமும் கூடங்குளமும் தஞ்சையிலிருந்து 200 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கின்றன என்பது போதிய பதில் ஆகாது. செர்னோபில் விபத்துக்குப் பின் இந்தியாவுக்கு வந்த அயர்லாந்து வெண்ணெய் கதிரியக்க ஐயத்தால் உச்ச நீதிமன்றம் வரை போனது. எம்.ஜி.கே. மேனன், பி.கே. ஐயங்கார், ஜி.வி.கே. ராவ் ஆகியோர் குழு ஆராய்ந்து தீங்கில்லை என்றது. 1988-இல் நீதிமன்றம் அதை ஏற்றது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் நடந்த விபத்து வணிகத்தின் வழியே இங்கு வந்துசேர்ந்தது. ஏற்றுமதி செய்யும் நாட்டுக்கு இதே ஐயம் எதிர்த்திசையிலும் எழலாம்.

தொடக்கம் நம்மிடமே உண்டு. திருச்சி ஜமால் முகமது கல்லூரியின் பி. ஷாகுல் ஹமீதும் உடன் ஆய்வாளர்களும் காவிரியின் நீர், வண்டல், உயிரினங்களில் ரேடியம்-226, பொலோனியம்-210 அளவுகளை ஆராய்ந்து 1997-இல் வெளியிட்டார்கள். நன்னீர் மட்டியின் சதையில் பொலோனியம் மிகுதியாகச் சேர்கிறது, ஆகவே ஆற்றைக் கண்காணிக்க அதுவே தக்க உயிரி என்பது அவர்கள் கண்ட முடிவு. பொருளைச் சேர்த்துவைக்கும் உறுப்பைத் தேடி அளந்த அந்த அணுகுமுறை நெல்லுக்கும் பொருந்தும்.

நெல்லில் அந்த உறுப்பு தவிடு. அணுவிபத்தில் வெளியாகும் கதிரியக்கச் சீசியம் செடிக்குள் பொட்டாசியத்தின் வழியிலேயே நுழைகிறது. தவிட்டில் கூடுதலாகவும் தீட்டிய அரிசியில் குறைவாகவும் தங்குகிறது. விபத்து நேர்ந்த ஜப்பானின் புகுஷிமா மாகாணத்தில் 2012 அறுவடை முதல் ஒவ்வொரு அரிசி மூட்டையும் கதிரியக்கம் அளக்கும் கருவிக்குள் போய் வந்தது. கிலோவுக்கு 100 பெக்கரல் சீசியம் என்பது வரம்பு. வயலில் பொட்டாஷ் உரம் போதிய அளவு இட்டால் சீசியம் ஏறுவது குறைகிறது என்பது அங்கே உறுதியாயிற்று. 2015 விளைச்சலிலிருந்து வரம்பு மீறிய மூட்டை எதுவும் இல்லை.

ஆனால் அவர்கள் உண்பது பச்சரிசி. இங்கே நெல்லை ஊறவைத்து, ஆவியில் அவித்து, காயவைத்து அரைக்கிறோம். அவிக்கும்போது தாது உப்புகள் தவிட்டிலிருந்து அரிசிக்குள் இறங்குகின்றன. ஒரு பங்கு ஊறல் நீரோடு போகிறது. சீசியம் எந்தப் பக்கம் எவ்வளவு போகும் என்பதை நம் நெல்லில், நம் ஆலையில் அளந்துதான் சொல்ல முடியும். நெல் பதப்படுத்தல் ஆராய்ச்சி மையமாக இருந்து இன்று நிஃப்டெம் ஆகியிருக்கும் தஞ்சை நிறுவனத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஆய்வுப் பொருள் இருக்க முடியாது. தவிடு எண்ணெய் ஆலைக்கும் மாட்டுத் தொட்டிக்கும் போகிறது. ஆகவே பாலையும் சேர்த்தே அளக்க வேண்டும்.

அளக்கும் வேலை பொறுமை கேட்பது. உலர்த்தி அரைத்த மாதிரியைக் குடுவையில் அடைத்து, ஈயக் கவசத்துக்குள் ஜெர்மானியம் உணரியின் மீது பல மணி நேரம் வைக்க வேண்டும். 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் எழும் முகடு சீசியம்-137. 1460-இல் எழுவது பொட்டாசியம்-40. தீட்டிய அரிசி ஒரு கிலோவில் ஏறத்தாழ ஒரு கிராம் பொட்டாசியம் உண்டு. அதிலிருந்தே சுமார் 30 பெக்கரல் வருகிறது. இது இயற்கை, எல்லா அரிசியிலும் உள்ளது. மொத்தக் கதிரியக்கம் என்று ஒற்றை எண்ணை வெளியிட்டால் வீண் பீதிதான் கிளம்பும். தனிமம்வாரியாகவே வெளியிட வேண்டும். காவிரி ஆய்வில் கண்ட பொலோனியம் ஆல்ஃபா துகளை உமிழ்வது. இந்த உணரிக்கு அகப்படாது. அதை வேதிமுறையில் பிரித்து வெள்ளித் தகட்டில் படியவைத்து எண்ண வேண்டும்.

மாதிரிக்கு அலைய வேண்டியதில்லை. குறுவை, சம்பா, தாளடி என ஒவ்வொரு போகத்திலும் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்க்க ஒரு கைப்பிடி நெல் எடுக்கிறார்கள். வட்டத்துக்குச் சில நிலையங்களைத் தேர்ந்து அந்தக் கைப்பிடியோடு இன்னொரு கிலோ எடுத்தால் போதும். விவசாயியின் பெயர் அதில் வேண்டாம். ஊர், மண் வகை, பாசன வாய்க்கால், இட்ட உரம் ஆகியவை வேண்டும். ஏதோ ஒரு மாதிரியில் அளவு கூடிற்று என்று அந்த ஊர் மூட்டைகள் திருப்பி அனுப்பப்படுமானால், மறுபோகத்தில் யாரும் மாதிரி தரமாட்டார்கள். ஆகவே கூடுதல் அளவு தெரிந்தால் நெல்லை அரசே முழு விலைக்கு எடுத்துத் தனியே வைக்கும் என்ற விதியை முதல் மாதிரி எடுக்கும் முன்பே எழுதிவிட வேண்டும்.