திக்லிபூரும் இடிமழைக்கு முந்திய காற்றும்

1844 நவம்பரில் கல்கத்தா நோக்கிச் சென்ற ரன்னிமீட், பிரிட்டன் என்னும் இரு படைக்கப்பல்களை ஒரே புயல் அந்தமானின் ரிட்சி தீவுக்கூட்டத்தில் ஒரே தீவின் கரையில் ஒதுக்கிற்று. அவற்றின் நாட்குறிப்புகளை ஒப்பிட்டுப் புயலின் பாதையை வரைந்தவர் ஹென்றி பிடிங்டன். 1848இல் 'சைக்ளோன்' என்ற சொல்லைப் படைத்தவரும் அவரே. காற்று வீசி ஓய்ந்தபின், தப்பியவர்களின் பதிவிலிருந்து அதை மீட்டெடுப்பதே அவருடைய முறை.

நாள்கணக்கில் நீடிக்கும் புயலுக்கு அம்முறை போதுமானது. ஒரு மணி நேரத்தில் எழுந்து அடங்கும் இடிமேகத்திற்குப் போதாது. 1946–47இல் ஹோரஸ் பயர்ஸ் தலைமையில் அமெரிக்காவில் நடந்த ஆய்வு, மழை விழுவதற்கு முன்பே தரைக்காற்று ஓரிடத்தில் குவிவதை அளந்து காட்டியது. புளோரிடாவில் இரு கரைகளிலிருந்தும் வரும் கடற்காற்றுகள் நிலத்தின் நடுவே சந்திப்பது அதற்கொரு காரணம். ஆனால் அன்றைய ரேடார் மழையை மட்டுமே காட்டியது. குவியும் காற்றைக் காட்டவில்லை.

டாப்ளர் ரேடார் அக்குறையை நீக்கியது. திரும்பி வரும் அலையின் அதிர்வெண் மாற்றத்தைக் கொண்டு, காற்று ரேடாரை நோக்கி வரும் அல்லது விலகும் வேகத்தை அது அறிகிறது. மேகமற்ற வானில், காற்றோடு செல்லும் பூச்சிகளே எதிரொலி தருகின்றன. கொலராடோவில் எழுந்த இடிமேகங்களில் பெரும்பாலானவை இத்தகைய குவிகோடுகளை ஒட்டியே பிறந்தன என்று ஜேம்ஸ் வில்சனும் வென்டி ஷ்ரைபரும் 1986இல் நிறுவினர். இந்தியாவின் முதல் புயல் கண்காணிப்பு ரேடார் 1970இல் விசாகப்பட்டினத்தில் அமைந்தது. டாப்ளர் ரேடார் 2002இல் சென்னைக்கு வந்தது.

இவ்வரலாற்றைத் திக்லிபூரில் வைத்துப் பார்த்தால் ஒரு கணக்கு எழுகிறது. வடக்கு அந்தமான் ஒடுங்கிய தீவு. மேற்கே வங்கக்கடல், கிழக்கே அந்தமான் கடல், அருகே 732 மீட்டர் உயரமுள்ள சேடில் சிகரம். கடற்காற்றுகள் குவிவதற்கு ஏற்ற நிலம். முன்பு போர்ட் பிளேயர் எனப்பட்ட, தீவுத் தலைநகரான ஸ்ரீ விஜயபுரமோ நேர்க்கோட்டில் ஏறத்தாழ 180 கி.மீ. தெற்கே உள்ளது. அங்கு ஒரு ரேடார் நின்றால், அது 0.5 பாகை ஏற்றத்தில் அனுப்பும் கற்றை, புவியின் வளைவால், திக்லிபூரைச் சேரும்போது சுமார் 3.5 கி.மீ. உயரத்தில் இருக்கும். கடற்காற்றோ பெரும்பாலும் முதல் ஒரு கிலோமீட்டருக்குள் அடங்குவது. வளர்ந்த மேகத்தின் உச்சி தெரியும். அதைப் பிறப்பித்த காற்று தெரியாது.

ஏரியல் பே துறையிலிருந்து சிறு படகில் செல்பவருக்கு வேண்டியதோ மேகத்திற்கு முந்திய அந்த அரைமணி நேரமே. எனவே தீவுகளுக்கு எத்தனை ரேடார் என்ற கேள்வியைவிட, அவை எவ்வளவு தாழப் பார்க்கின்றன என்ற கேள்வியே முதன்மையானது.