அமெரிக்காவில் கியூ நின்று வாங்கும் அன்னாசி ஐஸ்: கொல்லிமலை பழம் இருந்தால் வீட்டிலேயே போடலாம்

நாமக்கல்:

தீம் பார்க் போய் வந்த பசங்களிடம் “எது பிடிச்சுது?” என்று கேட்டால் முதலில் ராட்டினத்தை சொல்வார்கள். அடுத்து செயற்கை அலையை சொல்வார்கள். மூன்றாவதாக அங்கே வாங்கி தின்ற ஐஸ்கிரீமை சொல்வார்கள். வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆனாலும் ராட்டினம் மறந்து போகும், ஐஸ் மட்டும் மறக்காது. “அதே மாதிரி வேணும்” என்று அடம் பிடிக்கும்போதுதான் பெற்றோருக்கு திண்டாட்டம். அதற்காக மறுபடியும் டிக்கெட் எடுத்து உள்ளே போக முடியுமா? லாரி பட்டறையில் பாடி கட்டுகிறவருக்கும், கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்குகிறவருக்கும் வருடத்தில் ஒருமுறை பார்க் போவதே பெரிய செலவு.

இந்த தொல்லை நம்ம ஊரில் மட்டும் இல்லை. உலகம் முழுக்க உள்ளது. அப்படி ஏங்க வைக்கும் தீம் பார்க் ஐஸ்களில் மிகவும் பேர் பெற்றது அமெரிக்காவில் டிஸ்னி பூங்காக்களில் விற்கும் ‘டோல் விப்’. அது வேறு ஒன்றும் இல்லை, அன்னாசிப்பழ ஐஸ். அந்த அன்னாசிப்பழம் நாமக்கல் மாவட்டத்தின் உச்சியில், கொல்லிமலையில், சாலை ஓரத்தில் குவித்து வைத்து விற்கப்படுகிறது என்பதுதான் இதில் சுவாரசியம்.

கிளி பாடும் மண்டபம்

டோல் என்பது பழ கம்பெனியின் பெயர். ஜேம்ஸ் டோல் என்பவர் 1901-ல் ஹவாய் தீவில் தொடங்கிய அன்னாசி கம்பெனிதான் பின்னாளில் இந்த பெயரில் வளர்ந்தது. கலிபோர்னியாவில் உள்ள டிஸ்னிலேண்டில் 1963-ல் ‘டிக்கி ரூம்’ என்ற மண்டபத்தை திறந்தார்கள். இயந்திர கிளிகள் கூட்டமாக பாட்டு பாடும் இடம் அது. 1976-ல் அந்த மண்டபத்துக்கு டோல் கம்பெனி விளம்பரதாரர் ஆனது. வாசலில் அன்னாசி ஜூஸ் விற்க ஆரம்பித்தார்கள்.

பிறகு வந்ததுதான் ஐஸ். 1984-ல் புளோரிடாவில் உள்ள டிஸ்னி வேர்ல்டில் டோல் விப் அறிமுகம் ஆனது. 1986-ல் டிஸ்னிலேண்டுக்கும் வந்தது. வெயிலில் சுற்றி களைத்தவர்களுக்கு புளிப்பும் இனிப்பும் கலந்த ஜில் ஐஸ் கிடைத்தால் விடுவார்களா? இன்று வரைக்கும் கியூ குறையவில்லை. அந்த பூங்காவுக்குள் நுழைய ஒரு ஆளுக்கு டிக்கெட்டே 100 டாலருக்கு மேல். ஐஸ் காசு தனி.

இவ்வளவு பேர் பெற்ற ஐஸை அங்கே பழத்தை வெட்டி போட்டு செய்கிறார்கள் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். பொடி மூட்டையாக வரும். தண்ணீர் ஊற்றி கலக்கி மெஷினில் ஊற்றினால் ஐஸ் சுழன்று இறங்கும். சினிமா தியேட்டரில் பிடித்து கொடுக்கும் சாஃப்டி கோன் மாதிரிதான்.

இந்தியாவில் டிஸ்னி பூங்கா கிடையாது. ஆசியாவில் டோக்கியோ, ஹாங்காங், ஷாங்காய் ஆகிய 3 இடங்களில்தான் இருக்கிறது. ஆகவே நம்ம பசங்களுக்கு அந்த ஐஸ் எட்டாக்கனி. ஆனால் கனி மட்டும் எட்டும் தூரத்தில் இருக்கிறது.

70 வளைவுக்கு மேலே

காரவள்ளி அடிவாரத்தில் இருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளை கடந்தால் கொல்லிமலை. கடையேழு வள்ளல்களில் ஒருவரான வல்வில் ஓரி ஆண்ட மலை. இங்கே ஊராட்சிகளை ‘நாடு’ என்றுதான் சொல்வார்கள். திருப்புலி நாடு, வளவந்தி நாடு, சேளூர் நாடு, அரியூர் நாடு, வாழப்பூர் நாடு என்று மொத்தம் 14 நாடுகள். மலையாளி பழங்குடி மக்கள்தான் இங்கே பெரும்பான்மை. மிளகு, காபி, பலா, வாழை, அன்னாசி ஆகியவை மலையின் முக்கிய விளைச்சல்.

சோளக்காடு சந்தைக்கு போனால் பலாவும் அன்னாசியும் மலைபோல் கிடக்கும். ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி ஏறி மூச்சு வாங்கி வருகிறவர்களுக்கு, மேலே அன்னாசி துண்டில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவி கொடுப்பார்கள். அதை தின்று பார்த்தவர்களுக்கு கீழே டவுனில் வாங்கும் அன்னாசி சப்பென்று இருக்கும். அது மனப்பிரமை இல்லை. காரணம் உண்டு.

வாழைப்பழம், மாம்பழம் போல அன்னாசி பறித்த பிறகு பழுக்காது. செடியில் இருக்கும்போது ஏறிய இனிப்பு எவ்வளவோ அவ்வளவுதான். பறித்து வைத்தால் தோல் மஞ்சள் ஆகும், சதை இளகும், இனிப்பு மட்டும் கூடாது. தூரத்து மார்க்கெட்டுக்கு போக வேண்டிய பழத்தை வழியில் அழுகாமல் இருக்க பச்சையாகவே வெட்டி விடுவார்கள். மலையில் விற்பது செடியிலேயே பழுத்தது. ஆக, அன்னாசி ஐஸ் விஷயத்தில் ‘பக்கத்து ஊர்’ என்பது செலவு மிச்சத்துக்காக மட்டும் அல்ல. ருசியே அங்கேதான் இருக்கிறது.

விவசாயிக்கு என்ன சிக்கல்?

இதே குணம்தான் விவசாயிக்கு எதிரியாகவும் இருக்கிறது. கன்று நட்டால் காய் பறிக்க ஒன்றரை வருடம் முதல் 2 வருடம் ஆகும். அவ்வளவு காத்திருந்து பழுத்தபின் சில நாட்களுக்குள் விற்றாக வேண்டும். வரத்து கூடினால் விலை இறங்கும். 70 வளைவு இறக்கி கொண்டு போகும் வண்டி வாடகை இறங்காது. சந்தையில் மாலை வரை விற்காமல் கிடக்கும் பழத்தை வந்த விலைக்கு தள்ளிவிட்டு போகிறவர்கள்தான் அதிகம்.

பழத்தை கூழாக்கி உறைய வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. ஐஸ் கடைக்கும் ஜூஸ் கடைக்கும் வருடம் பூரா விற்கலாம். கேட்க சுலபம்தான். குளிர்பதன பெட்டி வேண்டும், தடை இல்லாத கரண்ட் வேண்டும், உணவு பாதுகாப்பு துறை பதிவு வேண்டும். மலையில் இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. சாமை, தினை, கேழ்வரகு போன்ற சிறுதானியங்கள் கைவிடப்பட்டு வந்த காலத்தில், எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் இருந்து கொல்லிமலை மக்களோடு சேர்ந்து வேலை செய்தது. அந்த தானியங்களை மாவாகவும் மிக்ஸாகவும் பாக்கெட் போட்டு மகளிர் குழுக்கள் விற்றது குறிப்பிடத்தக்கது. தானியத்துக்கு நடந்தது பழத்துக்கும் நடந்தால், பச்சை பழத்தை அடிமாட்டு விலைக்கு தள்ள வேண்டிய கட்டாயம் குறையும்.

டிஸ்னியே சொன்ன செய்முறை

கொரோனாவால் 2020 மார்ச்சில் டிஸ்னி பூங்காக்கள் மூடப்பட்டன. வீட்டில் அடைந்து கிடந்த ரசிகர்கள் ஐஸ் இல்லாமல் தவிக்க, ஏப்ரலில் டிஸ்னி நிறுவனமே வீட்டில் செய்யும் முறையை வெளியிட்டது. வெறும் 3 சாமான்தான். உறைய வைத்த அன்னாசி துண்டு 2 கப், அன்னாசி ஜூஸ் 120 மில்லி, வெனிலா ஐஸ்கிரீம் பெரிய கரண்டியில் ஒரு கரண்டி. மூன்றையும் மிக்சியில் போட்டு அடித்தால் வேலை முடிந்தது. (2023-ல் டோல் கம்பெனி கப்பில் அடைத்து அமெரிக்க மளிகை கடைகளுக்கே கொண்டு வந்துவிட்டது. நம்ம ஊருக்கு அது தேவையும் இல்லை.)

நம்ம வீட்டில் செய்யும்போது சில விஷயங்களை கவனிக்க வேண்டும்.

முதலில் பழம். அடிப்பக்கம் மோந்து பார்த்தால் வாசனை தூக்க வேண்டும். கையில் எடுத்தால் பார்ப்பதற்கு இருப்பதைவிட கனமாக இருக்க வேண்டும். அடியில் இருந்து மேலே பாதிக்காவது மஞ்சள் ஏறி இருந்தால் நல்லது. புளித்த கள் வாடை அடித்தால் எடுக்காதீர்கள், அது தாண்டி விட்டது.

தோல் சீவி, கண்களை சாய்வாக கீறி எடுத்து, நடுத்தண்டை நீக்கி, சுண்டு விரல் கனத்துக்கு நறுக்கவும். தட்டில் ஒன்றின்மேல் ஒன்று படாமல் பரப்பி ஃப்ரீசரில் ராத்திரி முழுக்க வைக்கவும். மொத்தமாக டப்பாவில் போட்டால் ஒரே கல்லாக இறுகி விடும், பிறகு சுத்தியல்தான் தேவைப்படும்.

மறுநாள் வெளியே எடுத்து 5 முதல் 10 நிமிஷம் விட்டு, பிறகு மிக்சியில் போடவும். அரசு கொடுத்த விலையில்லா மிக்சியே போதும். ஆனால் ஒரேயடியாக ஓட்டினால் மோட்டார் சூடாகி நின்று விடும். விட்டு விட்டு, இரண்டு சுற்று மூன்று சுற்றாக ஓட்ட வேண்டும். முதலில் மணல் மாதிரி உதிரும். பயப்படாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஜூஸ் விட்டால் வெண்ணெய் பதத்துக்கு வரும். கடை சாஃப்டியின் மிருதுவுக்கு காரணம், உறையும்போதே மெஷின் உள்ளே காற்றை அடிப்பதுதான். மிக்சியும் ஓரளவு காற்றை அடிக்கும். அதனால் அடித்த கையோடு சாப்பிட வேண்டும். திரும்ப ஃப்ரீசரில் வைத்தால் அந்த பதம் போய் குச்சி ஐஸ் மாதிரி கெட்டியாகி விடும்.

பால் சேர்த்தால் கசப்பது ஏன்?

பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். ஐஸ்கிரீமுக்கு பதில் வீட்டில் இருக்கிற பாலை ஊற்றி அடித்து வைத்தால், கொஞ்ச நேரத்தில் கசக்கும். பால் கெட்டு விட்டது என்று கீழே கொட்டுவார்கள். பால் கெடவில்லை. பச்சை அன்னாசியில் ‘புரோமிலைன்’ என்ற நொதி இருக்கிறது. அது புரதத்தை உடைக்கும். அன்னாசி தின்றால் நாக்கு அரிப்பதற்கும் அதுவே காரணம். பாலில் உள்ள புரதத்தை அது உடைக்கும்போதுதான் கசப்பு வருகிறது. ஃப்ரீசர் குளிரில் அந்த நொதி சாகாது. சூட்டில் செயலிழக்கும்.

ஆகவே உடனே சாப்பிடுவதாக இருந்தால் பச்சை பழமும் ஒரு கரண்டி ஐஸ்கிரீமும் போதும். மறுநாளைக்கு வைப்பதாக இருந்தால், துண்டுகளை சர்க்கரை போட்டு 5 நிமிஷம் கொதிக்க வைத்து, நன்றாக ஆறிய பிறகு அரைத்து, காய்ச்சி ஆற வைத்த பால் சேர்த்து உறைய வைக்கலாம். கசக்காது. பாலே வேண்டாம் என்றால் பழமும் ஜூஸும் சிட்டிகை உப்பும் போதும். உப்பு போட்டால் இனிப்பு தூக்கலாக தெரியும் என்பதை மலையில் உப்பு மிளகாய்த்தூள் தூவி விற்பவர்களிடம் கேட்டாலே சொல்வார்கள்.

ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில்...

ஃப்ரிட்ஜ் இல்லையே என்று விட வேண்டாம். வாளியில் உடைத்த ஐஸ் 3 பங்கு, கல் உப்பு ஒரு பங்கு போட்டு கலக்கவும். உப்பு சேர்ந்த ஐஸ் வெறும் ஐஸைவிட பல டிகிரி கூடுதலாக குளிரும். கொதிக்க வைத்து அரைத்த அன்னாசி கலவையை மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பாவில் பாதி அளவுக்கு ஊற்றி, அந்த வாளிக்குள் புதைத்து, சாக்கு போட்டு மூடி, அவ்வப்போது டப்பாவை சுழற்ற வேண்டும். இடையிடையே ஓரத்தில் உறைந்ததை கரண்டியால் வழித்து நடுவில் தள்ளவும். முக்கால் மணி நேரத்துக்குள் கெட்டிப்படும். டப்பாவை திறக்கும் முன் மூடியை துடைக்க மறந்தால் உப்பு உள்ளே போய் எல்லாம் வீண்.

வாளியில் போடும் ஐஸ் எந்த ஐஸாகவும் இருக்கலாம். வாயில் போடும் ஐஸ் அப்படி இல்லை. சாப்பிட கூடாத, மீனுக்கும் தொழிற்சாலைக்கும் போகும் ஐஸில் நீல நிறம் கலக்க வேண்டும் என்று 2018 ஜூன் முதல் உணவு பாதுகாப்பு ஆணையம் விதி வைத்துள்ளது. ஜூஸ் கடையில் நீலம் தட்டிய ஐஸை உடைத்து போட்டால் கேள்வி கேட்கலாம். அதேபோல் கடையில் கப் வாங்கும்போது மேலே ‘ஐஸ்கிரீம்’ என்று இருக்கிறதா, ‘ஃப்ரோசன் டெசர்ட்’ என்று இருக்கிறதா என்றும் பார்க்கவும். முதலாவது பால் கொழுப்பில் செய்தது. இரண்டாவதில் தாவர எண்ணெய் கொழுப்பு இருக்கும்.

கொண்டையை வீசாதீர்கள்

பழத்தின் மேலே இருக்கும் இலை கொண்டையை திருகி எடுத்து, அடியில் ஒட்டிய சதையை நீக்கி, 2 நாள் நிழலில் காய விட்டு தொட்டியில் நட்டால் வேர் பிடிக்கும். தண்ணீர் தேங்க கூடாது, வெயில் பட வேண்டும். பக்கக்கன்றைவிட கொண்டை காய்க்க கூடுதல் நாள் எடுக்கும். 2 வருடமோ அதற்கு மேலோ ஆகலாம். காய்த்தால் செடியிலேயே நன்றாக மஞ்சள் ஏறும்வரை விட்டு பறியுங்கள். அணில் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்வது உங்கள் சாமர்த்தியம்.