இருதயக் கதவும் மருந்தின் அளவும்

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது முதுமொழி. அளவிற் குறைந்த அமிர்தமும் உயிரைக் காவாது என்பதை மருத்துவ வரலாறு உணர்த்தியிருக்கின்றது.

1911ஆம் ஆண்டு பெப்ரவரியில், நியூயோர்க் நகரில், புகழ்பெற்ற இசைமேதை குஸ்தாவ் மாலர் காய்ச்சலால் வீழ்ந்தார். அவரது இரத்தத்தைச் சோதித்த வைத்தியர்கள், பழுதுற்றிருந்த இருதய வால்வில் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் என்னும் கிருமி குடிகொண்டதை அறிந்தனர். நோயின் பெயர் தெரிந்தது, மருந்துதான் இல்லை. மே 18ஆம் திகதி வியன்னாவில் அவர் காலமானார். வயது ஐம்பது. அந்நாளில் இந்நோய் கண்டவர் பிழைத்தல் மிக அரிது.

வால்வு என்பது இரத்தம் பின்னோக்கிப் பாயாது தடுக்கும் கதவு. அதிற் கிருமி பற்றினால், உறைந்த இரத்தக் கூறுகள் அதனைச் சூழ்ந்து அரண்போலாகின்றன. இரத்தத்தின் வெள்ளணுக்கள் அவ்வரணுள் எளிதிற் புகமாட்டா. உள்ளிருக்கும் கிருமிகளிற் பல, பெருகாது உறங்கிக் கிடக்கும். பெனிசிலினோ பெருகும் கிருமிகளையே நன்கு கொல்வது.

1941இல் ஒக்ஸ்போர்டில் நோயாளருக்கு அளிக்கப்பட்ட பெனிசிலின், யுத்த காலத்திற் கிடைத்தற்கரிய பொருளாயிருந்தது. அமெரிக்காவில் சிறிய அளவில் அதனைப் பெற்ற இருதய நோயாளர் குணமடையவில்லை. ஆகவே, இந்நோய்க்கு அம்மருந்தை வீணாக்கலாகாது என அதனைப் பங்கிட்ட குழுவினர் கருதினர்.

புறூக்லின் யூத வைத்தியசாலையைச் சேர்ந்த வைத்தியர் லியோ லோ இதற்கு இணங்கவில்லை. தவறு மருந்தில் இல்லை, அளவில் இருக்கலாம் என அவர் எண்ணினார். பைசர் நிறுவனத்தைச் சேர்ந்த ஜோன் ஸ்மித் மருந்து தந்துதவினார். நாளத்தின் வழியே இடைவிடாது துளித்துளியாக, முன்னையினும் மிகுந்த அளவில், பல நாட்கள் பெனிசிலின் செலுத்தப்பட்டது. தொடர்ந்து ஏழு நோயாளர் குணம்பெற்ற செய்தியை 1944இல் லோவும் அவர்தம் துணைவரும் வெளியிட்டனர். இரத்தம் உறையாதிருக்க அவர்கள் கூடவே கொடுத்த ஹெப்பரின் தேவையற்றதெனப் பின்னர் கைவிடப்பட்டது. பெனிசிலின் நிலைத்தது.

ஆயினும், எவ்வளவு, எத்தனை நாள் என்ற வினா எஞ்சியது. பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபை, 14 நிலையங்களில் 147 நோயாளருக்கு வெவ்வேறு முறைகளில் மருந்தளித்துப் பார்த்தது. 1946இல் வைத்தியர் கிறிஸ்டி அதன் முடிவை அறிவித்தார். சில நாட்களில் முடிக்கப்பட்ட சிகிச்சைக்குப் பின் நோய் மீண்டும் தலையெடுத்தது. நாளொன்றுக்கு ஐந்து இலட்சம் யூனிட் வீதம் 28 நாட்கள் பெற்றவர்களிடையே பயன் மேலோங்கியது. காய்ச்சல் தணிந்தமை குணமாகாது. அரணுள் உறங்கிய கடைசிக் கிருமியும் விழித்து மடியும்வரை மருந்து காத்திருக்க வேண்டும்.

அந்த நான்கு வாரக் கணக்கு இன்றும் பெரிதும் நிலைத்துள்ளது. ஆனால், மருந்தின் அளவோ கோடி யூனிட்டைத் தாண்டிவிட்டது. பெனிசிலினுக்கு எளிதில் அடங்கும் ஸ்ட்ரெப்டோகொக்கஸுக்கு நாளொன்றுக்கு 120 முதல் 180 இலட்சம் யூனிட் வரை வழங்கப்படுகின்றது. டென்மார்க்கில் 400 நோயாளரிடையே நடந்து 2018இல் வெளியான ஆய்வொன்று, நாளவழிச் சிகிச்சையால் நிலைதேறியோர் எஞ்சிய நாட்களுக்கு மருந்தை வாயால் உட்கொள்வதும் பயனிற் குறைந்ததன்று எனக் காட்டியது. அத்தகையோர் சிலர் இன்று வீட்டிலிருந்தே சிகிச்சையை முடிக்கின்றனர்.

மாலருக்குக் கிட்டாதது மருந்து. அவருக்குப் பின் வந்த பலருக்கோ மருந்து கிட்டியும் அதன் அளவு கிட்டவில்லை. அவ்வளவைக் கண்டறிந்த பின்னரே பெனிசிலின் இருதயத்தின் கதவைக் காத்தது.