அச்சுப் படங்களில் உழவர்

சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி நிமிர்ந்து நோக்குவோர் கண்ணில் முதலில் படுவது மலைக்கோட்டை. 1792-ஆம் ஆண்டு தென்னாட்டைச் சுற்றிவந்த ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியலும், அவர் உடன்பிறந்தார் மகன் வில்லியமும் அம்மலையைக் கண்டு வியந்து வரைந்தனர். தாயகம் திரும்பிய பின் அவர்கள் 1795 முதல் 1808 வரை வெளியிட்ட ‘கீழைநாட்டுக் காட்சிகள்’ என்னும் தொகுதியின் 144 படங்களுள் நம் ஊருக்கும் இடமுண்டு.

செப்புத் தகட்டில் குங்கிலியப் பொடியைப் படியவைத்து, அமிலத்தால் அரித்து, மையூட்டி அச்சிட்டு, பின்னர்க் கையால் வண்ணம் தீட்டும் முறை அது. காவிரியும் பாறையும் கண்ணைக் கவர்கின்றன. மனிதரோ, பாறையின் உயரத்தை அளந்து காட்டும் அளவுகோலாகவே நிற்கின்றனர். அந்நீரைக் கொண்டு நெல் விளைவித்தவர் யார் என்பதைப் படம் கூறுவதில்லை.

தம் நாட்டு உழவரையேனும் ஆங்கிலக் கலைஞர் உள்ளவாறு காட்டினரா? ஜார்ஜ் ஸ்டப்ஸ் 1791-இல் அச்சிட்டு வெளியிட்ட ‘அறுவடை செய்வோர்’ படத்தில் வேலையாட்கள் கசங்காத உடையோடு குனிந்திருக்கின்றனர். குதிரைமேல் அமர்ந்து ஒருவன் மேற்பார்வை செய்கிறான். களைப்போ வியர்வையோ காணோம். மரக்கட்டையில் நுண்ணிய படங்கள் செதுக்கிய தாமஸ் பியூவிக்கோ, பறவை நூலின் பக்க முடிவுகளில், மழையிலும் காற்றிலும் அல்லலுறும் நாட்டுப்புற ஏழையரை மறவாது வைத்தார்.

இனி நம் ஓவியர்பால் வருவோம். கும்பினி அதிகாரிகள் விரும்பி வாங்கியமையால், தஞ்சையிலும் திருச்சியிலும் வாழ்ந்த ஓவியர்கள் பல தொழிலாளரைத் தத்தம் கருவிகளோடும் மனைவியரோடும் இணை இணையாகத் தீட்டினர். திருச்சி ஓவியரோ காக்காப்பொன் தகட்டிலும் வரைந்து புகழ் பெற்றனர். அவற்றில் ஆளும் கருவியும் உண்டு. ஆனால் அவன் பாடுபட்ட நிலம் பெரும்பாலும் இல்லை. இனம் இனமாகப் பிரித்தறிய விரும்பியவர்க்கு அவ்வளவே போதுமாயிருந்தது.

ஒன்றில் நிலம் உண்டு, உழைப்பவன் இல்லை; மற்றொன்றில் உழைப்பவன் உண்டு, நிலம் இல்லை. விலை கொடுத்தவர் எதைக் காண விரும்பினரோ, அதுவே படமாயிற்று. ஆதலின் பழைய படத்தைச் சான்றாகக் கொள்ளும் மாணவர், “இதில் யார் இருக்கிறார்?” என்பதோடு நில்லாமல், “யார் இல்லை?” என்றும் வினவுதல் வேண்டும். காவிரிக் கரையின் வரலாறு கோபுரத்தாலும் கோட்டையாலும் மட்டும் நிறைவுறாது. நாற்று நட்ட கைகளுக்கும் அதில் இடம் தருவது நம் கடமை.