முகத்துடிப்பு நோய் தீர்ந்த வரலாறு

மக்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கு மொழி எவ்வளவு துணைபுரிகிறதோ, அவ்வளவு முகமும் துணைபுரிகிறது. இதனை நன்கு உணர்ந்த வள்ளுவர், குறிப்பறிதல் என்னும் ஒரே பெயரில் பொருட்பாலில் ஓர் அதிகாரமும் காமத்துப்பாலில் ஓர் அதிகாரமும் வகுத்தார். மாணவர்முன் நாள்தோறும் நிற்கும் ஆசிரியருக்கு இவ்வுண்மையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அவர் வாய் சொல்லாததை அவர் புருவம் சொல்லும், கண் கண்டிக்கும், இதழ் பாராட்டும். அத்தகைய முகத்தின் ஒரு பாதி, உரியவரின் விருப்பத்திற்குக் கட்டுப்படாமல் தானே துடித்துச் சுருங்குமானால் அவர் நிலை என்னாகும்? அப்படியொரு நோய் உண்டு. ஒருபக்க முகத்துடிப்பு என்று அதனைக் கூறலாம். அந்நோயின் காரணத்தைக் கண்டு அதனைத் தீர்ப்பதற்கு மருத்துவ உலகம் ஏறத்தாழ நூறாண்டுகள் எடுத்துக்கொண்டது. அவ்வரலாற்றைச் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிமித்தமும் நோயும்

கண் துடித்தலைத் தமிழர் பழங்காலந்தொட்டே உற்றுநோக்கி வந்துள்ளனர். பெண்களுக்கு இடக்கண்ணும் ஆண்களுக்கு வலக்கண்ணும் துடித்தல் நன்மையைக் காட்டும் என்பது முன்னோர் நம்பிக்கை. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவு ஊரெடுத்த காதையின் இறுதியில் கண்ணகிக்கு இடக்கண்ணும் மாதவிக்கு வலக்கண்ணும் துடித்தன என்று இளங்கோவடிகள் பாடுகிறார். ஒருத்திக்கு வரவிருக்கும் கூடலையும் மற்றொருத்திக்கு வரவிருக்கும் பிரிவையும் அவர் அத்துடிப்பால் உணர்த்திவிடுகிறார்.

நிமித்தமாகக் கருதப்பட்ட இத்துடிப்பு சிறிது நேரத்திலோ சில நாட்களிலோ அடங்கிவிடுவது. களைப்பும் உறக்கக் குறைவும் இதற்குப் போதிய காரணங்களாகும். ஆனால், நாம் பேசும் நோய் அவ்வாறு அடங்குவதன்று. பெரும்பாலும் நடுவயதிலோ அதற்குப் பின்னரோ, ஒரு கண்ணின் கீழிமையில் இது தொடங்கும். மாதங்களும் ஆண்டுகளும் செல்லச் செல்லக் கன்னத்திற்கும் வாயின் ஓரத்திற்கும் பரவும். முற்றிய நிலையில் கண் தானே மூடிக்கொள்ள, வாய் ஒருபுறமாக இழுத்துக்கொள்ளும். உறக்கத்திலும் இத்துடிப்பு முற்றாக ஓய்வதில்லை. வலி இல்லை, உயிருக்கும் பெரும்பாலும் ஊறு இல்லை. எனினும் காண்பவர், "இவர் கண் சிமிட்டுகிறார்" என்றோ, "ஏளனம் செய்கிறார்" என்றோ எண்ணிவிடுவர். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஒரு வட்டாரத்தை ஆராய்ந்து 1990ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கின்படி, ஓர் இலட்சம் பெண்களில் ஏறத்தாழ 15 பேருக்கும் ஓர் இலட்சம் ஆண்களில் ஏறத்தாழ 7 பேருக்கும் இந்நோய் இருந்தது. அரிய நோய்தான், ஆயினும் உற்றவருக்கு அது நாள்முழுதும் உடனிருக்கும் துன்பம்.

கண்முன் கிடந்த சான்று

1875ஆம் ஆண்டில் செருமானிய மருத்துவர் பிரிடிரிக் சூல்ட்சே ஒரு செய்தியை வெளியிட்டார். முகத்தின் இடப்பக்கம் துடித்துக்கொண்டிருந்த 56 வயது ஆடவர் ஒருவர் இறந்தபின் அவர் உடலை அறுத்துப் பார்த்தனர். மூளையின் அடியில் இடப்புறம் செல்லும் தமனி ஒன்று வீங்கிப் புடைத்து, முகத்தை இயக்கும் நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. நோயின் காரணம் அன்றே வெளிப்பட்டது எனலாம். ஆனால், அது ஒருவருக்கு மட்டும் நேர்ந்த விந்தை என்றே கருதப்பட்டது.

பிரெஞ்சு அறிஞர் பிரிசோ 1894ஆம் ஆண்டில் இதனை ஏனைய முகச்சுளிப்புகளிலிருந்து பிரித்துக் காட்டினார். மனப்பழக்கத்தால் வரும் சுளிப்பு வேறு, நரம்பின் கோளாறால் வரும் துடிப்பு வேறு என்னும் தெளிவு பிறந்தது. அவர் நாட்டவரான பாபின்சுகி 1905ஆம் ஆண்டில் இதன் அறிகுறிகளை மேலும் நுணுகி விளக்கினார். நோய்க்குப் பெயர் கிடைத்தது, இலக்கணமும் கிடைத்தது. மருந்து மட்டும் கிடைக்கவில்லை.

நரம்பைத் தண்டித்த காலம்

துடிப்பது முகம், முகத்தைத் துடிக்கச் செய்வது நரம்பு. ஆகவே நரம்பே குற்றவாளி என்று மருத்துவர்கள் முடிவு செய்தனர். சிலர் நரம்பின் கிளைகளை வெட்டினர். சிலர் அதனுள் சாராயச் சத்தைச் செலுத்தி அதனைச் செயலிழக்கச் செய்தனர். துடிப்பு நின்றது உண்மையே. ஆனால், முகமும் நின்றது. கண்ணை மூட இயலாமல், சிரித்தால் வாய் கோணிய நிலையில் நோயாளி வீடு திரும்பினார். துடிப்பைக் கொடுத்து வாதத்தை வாங்கிக்கொண்ட பண்டமாற்று அது.

கிளாஸ்கோ நகரத்து அறுவை மருத்துவர் இராபர்ட் கென்னடி மற்றொரு வழியை மேற்கொண்டு, 1901ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டார். முகநரம்பை வெட்டி, தோளை இயக்கும் நரம்போடு இணைப்பதே அவ்வழி. அறிவுநுட்பத்தில் அது வியக்கத்தக்கது. ஆயினும் இவ்வகை இணைப்பில் தோளை உயர்த்தும்போது முகமும் உடன் அசையும் என்னும் குறை இருந்தது. இம்முறைகள் யாவும் நரம்பைத் தண்டித்தனவே அன்றி, நரம்பு ஏன் அவ்வாறு நடந்துகொள்கிறது என்று வினவவில்லை.

உண்மை வெளிப்பட்டது

அவ்வினாவிற்கு விடை, பக்கத்தில் இருந்த மற்றொரு நரம்பின் வழியாக வந்தது. முகத்தில் உணர்ச்சியைத் தரும் ஐந்தாம் மூளை நரம்பில் மின்னல் வெட்டினாற்போன்ற கடும் வலி தோன்றும் நோய் ஒன்று உண்டு. சான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் வால்ட்டர் டேன்டி, அந்நோயாளிகளுக்கு அறுவை செய்தபோது நரம்பின்மேல் இரத்தக்குழாய்கள் படிந்திருப்பதைப் பலமுறை கண்டார். 215 நோயாளிகளைப் பற்றி 1934ஆம் ஆண்டில் எழுதியபோது, இவ்வழுத்தமே வலிக்குக் காரணமாகலாம் என்று குறிப்பிட்டார். அக்கருத்தைப் பலர் பொருட்படுத்தவில்லை.

முகத்துடிப்பிலும் இரத்தக்குழாயின் அழுத்தம் இருப்பதை 1947ஆம் ஆண்டில் கேம்பல், கீடி என்னும் இருவர் எழுதினர். 1962ஆம் ஆண்டில் கிளீவ்லண்ட் நகரத்து கார்ட்னர், சாவா என்பவரோடு சேர்ந்து வெளியிட்ட கட்டுரை இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். ஒருபக்க முகத்துடிப்பு மீளத்தக்க ஒரு நிலை என்பதே அவர்கள் கொள்கை. அதாவது, நரம்பு அழிந்துவிடவில்லை. அழுத்தத்தை நீக்கினால் அது தன் இயல்புக்குத் திரும்பும் என்பதாம். நரம்பின்மீது சாட்டப்பட்ட குற்றம் அன்றே நீங்கியது.

கொள்கை இருந்தும் கருவி வேண்டியிருந்தது. கண்ணுக்கு எட்டாத ஆழத்தில், மூளைத்தண்டின் ஓரத்தில், நூல் போன்ற குழாய்களும் நரம்புகளும் பின்னிக் கிடக்கும் இடத்தை வெறுங்கண்ணால் கண்டு வேலை செய்தல் அரிது. அறுவை நுண்ணோக்கியை 1921ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டுக் காது மருத்துவர் நீலேன் முதலில் கையாண்டார். மூளை அறுவைக்கு அதனை 1957ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் கர்சே பயன்படுத்தினார்.

இவ்விரண்டையும் ஒன்றுசேர்த்தவர் பீட்டர் சன்னெட்டா. 1960களின் நடுவில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் பயிற்சி மருத்துவராக இருந்த அவர், பல் மருத்துவ மாணவர்க்குக் காட்டுவதற்காக மூளை நரம்புகளை அறுத்து ஆயத்தம் செய்தபோது, ஐந்தாம் நரம்பை ஓர் இரத்தக்குழாய் அழுத்திக் கிடப்பதைக் கண்டார். கற்பிப்பதற்காகச் செய்த ஆயத்தம் கண்டுபிடிப்பாக மலர்ந்தமை ஆசிரியராகிய நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. 1966ஆம் ஆண்டில் முகத்துடிப்பு நோயாளி ஒருவருக்கு நுண்ணோக்கியின் துணையோடு அவர் அறுவை செய்தார். 1971ஆம் ஆண்டில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்திற்குச் சென்று, 47 நோயாளிகளுக்குச் செய்த அறுவையின் பயனை 1977ஆம் ஆண்டில் வெளியிட்டார். மூத்த மருத்துவர் பலர் நெடுங்காலம் அவரை ஐயுற்றனர். அவர் வாதாடியதினும் மிகுதியாக நோயாளிகளின் முகங்கள் அவருக்காக வாதாடின. 2016ஆம் ஆண்டில் அவர் மறைந்தபோது, அம்முறை உலகெங்கும் வழக்கிற்கு வந்திருந்தது.

அறுவையின் முறை

காதின் பின்புறத்தில் சிறிது தோலை அறுத்து, எலும்பில் ஒரு நாணயம் அளவுக்குத் துளை இடுவர். சிறுமூளையை மெல்ல ஒதுக்கினால், முகநரம்பாகிய ஏழாம் நரம்பும் கேள்விநரம்பாகிய எட்டாம் நரம்பும் அடுத்தடுத்துத் தோன்றும். முகநரம்பு மூளைத்தண்டிலிருந்து வெளிப்படும் இடத்தில் அதன் மேலுறை மெல்லியது. வயது ஏற ஏறத் தமனிகள் நீண்டு வளைந்து, நாடித்துடிப்பு ஒவ்வொன்றிலும் அவ்விடத்தை இடித்துக்கொண்டே இருக்கும். உறை தேய்ந்த மின்கம்பியிலிருந்து மின்சாரம் வேறு கம்பிக்குத் தாவுவதுபோல், கண்ணுக்குரிய ஆணை வாய்க்கும் தாவும். மருத்துவர் அத்தமனியை மெல்ல விலக்கி, நரம்புக்கும் அதற்கும் இடையே டெஃப்லான் பஞ்சைச் சிறு மெத்தையாக வைப்பார். எந்த நரம்பும் வெட்டப்படுவதில்லை. எந்தத் தமனியும் கட்டப்படுவதில்லை. சண்டையிடும் இருவரை விலக்கி நடுவில் ஒருவரை அமர்த்துவது போன்றதே இது.

இடர் இல்லாமல் இல்லை. எட்டாம் நரம்பு அருகிலேயே இருப்பதால் செவிப்புலன் கெடலாம். ஆகவே, அறுவை நடக்கும்போதே காதில் ஒலி எழுப்பி, மூளையின் மறுமொழியைக் கருவியால் கண்காணிப்பர். பிட்ஸ்பர்க்கில் சன்னெட்டாவுடன் பணிபுரிந்த ஆகே மோலர் இத்துறையில் முன்னோடி. 1995ஆம் ஆண்டில் பிட்ஸ்பர்க் மருத்துவர்கள் 782 அறுவைகளை ஆராய்ந்து வெளியிட்டனர். பத்தாண்டுகள் கழிந்தபின்னும் 84 விழுக்காட்டினர் மிகச் சிறந்த நலத்தோடு இருந்தனர், 2.6 விழுக்காட்டில் ஒரு காது கேளாமற் போயிற்று. அறுவையை விரும்பாதவர்க்கு மற்றொரு வழியும் உண்டு. தசையைத் தளர்த்தும் போட்டுலினம் என்னும் நச்சுப்பொருளை மிகச் சிறிதளவு ஊசி வழியே செலுத்தும் முறைக்கு 1989ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு இசைவளித்தது. அதன் பயன் மூன்று நான்கு மாதங்கள் நிற்கும்; பின்னர் மீண்டும் ஊசி வேண்டும்.

நலம்பெறும் காலம்

இவ்வரலாற்றில் நூல்கள் சுருங்கக் கூறுவதும் நோயாளிக்கு நீண்டு தோன்றுவதும் நலம்பெறும் காலமே. இக்கட்டுரையாசிரியனும் இந்நோயால் ஐந்தாண்டுகள் துன்புற்று அறுவை செய்துகொண்டவனாதலின், இங்குச் சில சொல்லலாம். பள்ளிச் சபைகூடலில் இடப்பக்கத்தைச் சுவரின் பக்கம் திருப்பி நிற்பது எனக்குப் பழக்கமாகியிருந்தது. முதலாம் ஆண்டு மாணவன் ஒருவன், "ஐயா, ஏன் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டுகிறீர்கள்?" என்று கள்ளமின்றி வினவிய நாளில்தான் அறுவைக்கு உடன்படத் துணிந்தேன். செவி போய்விடுமோ என்பதே என் பேரச்சம். பின்வரிசைப் பிள்ளை மெல்லச் சொல்லும் விடையைக் கேளாதவன் எவ்வாறு பாடம் நடத்துவான்?

அறுவை முடிந்து கண் விழித்ததும் கேட்டது செவிலியர் என் பெயரை அழைத்த ஒலி. அதனினும் இனிய ஒலியை நான் கேட்டதில்லை. ஆனால், சற்று நேரத்தில் இமை பழையபடி துடித்தது! தலைவலியும் தலைச்சுற்றலும் கழுத்து இறுக்கமும் சில நாட்கள் இருந்தன. மூளைநீர் மூக்கு வழியே கசிகிறதா என்று மருத்துவர் வினவுவார். பளு தூக்கலாகாது, முக்கலாகாது என்று விலக்குவார். இவற்றையெல்லாம் பொறுக்க முடிந்தது. துடிப்பு நிற்காமையே மனத்தை வாட்டியது.

இதற்கும் விளக்கம் உண்டு என்பதைப் பின்னரே அறிந்தேன். நெடுநாள் இடிபட்ட நரம்பும், அது தோன்றும் மூளைத்தண்டின் நரம்பணுத் திரளும் மிகையான கிளர்ச்சிக்குப் பழகியிருக்கும். அழுத்தம் நீங்கியவுடனேயே அப்பழக்கம் நீங்குவதில்லை. சிலருக்குத் துடிப்பு அன்றே நிற்கும். சிலருக்கு வாரங்களும் மாதங்களும் ஆகும். ஆகவே, அறுவை பயனற்றது என்று முடிவு கட்டுவதற்குமுன் ஓராண்டு பொறுத்திருக்கும் மருத்துவர் பலர். சிலருக்கு ஓரிரு வாரங்கள் கழித்து முகம் தளர்வதும் உண்டு. அதுவும் பெரும்பாலும் தானே சீராகிவிடும். எனக்கு நான்காம் மாதத்தில் துடிப்பு குறைந்தது. ஏழாம் மாதத்தில் நின்றது. நின்ற நாள் எது என்று என்னால் கூற இயலாது. துன்பம் வந்த நாளை நினைவில் வைத்திருக்கும் மனம், அது போன நாளைக் குறித்துவைப்பதில்லை.

முடிவுரை

நூறாண்டு வரலாற்றின் சாரம் இரண்டு செய்திகளில் அடங்கும். ஒன்று, துடித்த நரம்பு குற்றவாளியன்று. அதனை அழுத்தியது வேறொன்று. வெட்டியவர்கள் துடிப்பை நிறுத்தினர்; விலக்கியவர்களே முகத்தைக் காப்பாற்றினர். மற்றொன்று, அழுத்தம் நீங்கியபின்னும் இயல்பு திரும்பக் காலம் வேண்டும். இவ்விரண்டும் மருத்துவமனைக்கு மட்டும் உரியன அல்ல. அடங்காத மாணவன் ஒருவனைக் காணும்போது, அவன்மேல் வீட்டிலும் வெளியிலும் படிந்திருக்கும் அழுத்தம் யாது என்று முதலில் தேட வேண்டும். அதனை நீக்கியபின் அவன் மறுநாளே மாறவில்லையென்று சினவாமல் காத்திருக்கவும் வேண்டும். இந்நோயுற்ற ஆசிரியரோ பெற்றோரோ எவரேனும் இதனைப் படிப்பாராயின், துடிப்பை ஊழென்று மறைத்துக்கொண்டிராமல் மருத்துவரை நாடுவாராக. அறுவை செய்துகொண்டு துடிப்பு இன்னும் நிற்கவில்லையே என்று வருந்துபவர், மருத்துவர் கண்காணிப்பில் இன்னும் சில மாதங்கள் பொறுத்திருப்பாராக.