ஆகஸ்ட் 10-க்கு என்ன நிறம்?

2023-இல் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு டிசம்பர் 3. மறுநாள் மிக்ஜாம் புயல் மழையில் சென்னை மூழ்கியது. வெள்ளத்தோடு மணலித் தொழிற்பேட்டைப் பக்கமிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்தில் இறங்கியது. நெட்டுக்குப்பம், தாழங்குப்பம், முகத்துவாரக்குப்பம் எங்கும் படகிலும் வலையிலும் கறுப்புப் பிசின். மக்கில் மொண்டு, பக்கெட்டில் ஊற்றி அதை அள்ளியவர்கள் மீனவர்களேதான். கறை போவதற்குள் கிறிஸ்துமஸ் வந்துவிட்டது. டிசம்பர் 26 நள்ளிரவுக்குச் சற்று முன், உரத் தொழிற்சாலைக்குப் போகும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்கள். 2004-இல் ஆழிப்பேரலை வந்ததும் டிசம்பர் 26-தான். அன்று கிறிஸ்துமஸுக்கு அடுத்த ஞாயிறு.

திருவருகைக் காலத்தின் மையப்பொருள் காத்திருத்தல் என்று எல்லாச் சபைகளிலும் பிரசங்கம் செய்கிறார்கள். அந்த டிசம்பரில் நெட்டுக்குப்பம் நிவாரணத்துக்கும், மறுபடி வலை போடும் நாளுக்கும் காத்திருந்தது. இந்தக் குப்பங்களின் கடல் மீனவர்கள் அரசுப் பட்டியலில் மிகவும் பிற்படுத்தப்பட்டோர். நான் எழுத வந்தது தலித் கிறித்தவர்களைப் பற்றி. ஆனாலும் எண்ணூரிலிருந்து தொடங்கியதற்குக் காரணம் உண்டு. திருவழிபாட்டு ஆண்டு என்பது ஒரு சுற்றுச் சக்கரம். அதில் எந்த மக்களின் எந்த நாளை ஏற்றுவது என்பதை யாரோ ஒருவர் எப்போதும் தீர்மானித்துக்கொண்டே இருக்கிறார்.

ஆண்டவரே வகுத்துக் கொடுத்த காலண்டர்போல இதைப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. ஈஸ்டரை எந்த ஞாயிறு கொண்டாடுவது என்ற சண்டையைத் தீர்க்க 325-இல் நிசேயாவில் ஆயர்கள் கூட வேண்டியிருந்தது. டிசம்பர் 25 கிறிஸ்து பிறப்பு நாளாக ரோமில் பதிவாவது 4-ஆம் நூற்றாண்டில். கல்லறைத் திருநாள் ஏறத்தாழ 1000-ஆம் ஆண்டையொட்டி பிரான்சின் க்ளூனி மடத்தில் தொடங்கிப் பரவியது. நம் சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகளில் பூசணிக்காயும் வாழைத்தாரும் ஏலம் விடுகிற அறுப்பின் பண்டிகையை இங்கிலாந்தின் கார்ன்வாலில் ஒரு குருவானவர் தொடங்கியது 1843-இல். மிஷனரிகளின் பெட்டியோடு அது இங்கே வந்தது. கிறிஸ்து அரசர் பெருவிழா அதைவிடப் புதியது. போப் 11-ஆம் பயஸ் 1925-இல் அறிவித்தார். முதல் உலகப்போருக்குப் பிந்தைய அரசியலுக்கு அவர் சொன்ன பதில் அது. ஆகவே "வழிபாட்டில் அரசியலைக் கலக்காதீர்கள்" என்கிறவர்கள் முதலில் அந்தப் பெருவிழாவைக் காலண்டரிலிருந்து எடுக்கட்டும்.

கிறிஸ்துமஸ் முடிந்த மூன்றாம் நாள், டிசம்பர் 28, மாசில்லாக் குழந்தைகள் திருநாள். ஏரோது கொன்ற பெத்லகேம் குழந்தைகளின் நினைவு. 1968-இல் கிறிஸ்துமஸ் இரவில்தான் கீழவெண்மணியில், கூலியைக் கூட்டிக் கேட்டதற்காக, 44 தலித்துகளை ஒரே குடிசையில் வைத்து எரித்தார்கள். பெண்களும் குழந்தைகளுமே அதிகம். உலகமே திரண்டு வருகிற வேளாங்கண்ணி அதே மாவட்டம்தான். நான் கேட்ட எந்த டிசம்பர் 28 மறையுரையிலும் வெண்மணி வந்ததில்லை. இறந்தவர்கள் கிறித்தவர்கள் இல்லையே என்பார்கள். பெத்லகேம் குழந்தைகளும் கிறித்தவர்கள் இல்லை.

அடுத்து தவக்காலம், சீர்திருத்தச் சபைகளின் சொல்லில் லெந்து. மனந்திரும்புதலுக்கான நாற்பது நாள். 2008-இல் தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு மார்ச் 9. உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் இறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப்பங்கு கேட்டு உண்ணாவிரதம் இருந்தார்கள். தங்கள் வீட்டுச் சவ ஊர்வலம் போகிற வழி தொடங்கி எல்லாவற்றிலும் ஒதுக்கிவைக்கப்பட்டவர்கள் அவர்கள். அந்த ஞாயிறன்று அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். இருவரும் வன்னியக் கத்தோலிக்கர்கள். அடித்தவர், அடிபட்டவர், செத்தவர் எல்லாருமே நான்கு நாளைக்கு முந்திய வாரத்தில் ஒரே ஜெபமாலை அன்னையை வேண்டியவர்கள். அடுத்த ஞாயிறு குருத்து ஞாயிறு.

இது கத்தோலிக்கர் வீட்டுப் பிரச்சினை மட்டும் என்று சீர்திருத்தச் சபையினர் ஒதுங்க முடியாது. 1833-இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாட்டை உடனடியாக, அடியோடு விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். நற்கருணைப் பந்தியில் யார் முதலில், யார் கடைசியில் என்ற வரிசையும் அதில் அடக்கம். தஞ்சாவூரிலும் இங்கே வேப்பேரியிலும் வெள்ளாளக் கிறித்தவர்கள் ஏற்கவில்லை. அதற்குப் பதிலாகச் சபையைவிட்டு வெளியேறத் துணிந்தார்கள். பெரிய வியாழன் இரவுப் பந்தியைப் பற்றிப் பேசும்போது இந்தக் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

காலண்டரை உள்ளிருந்து மாற்றப் பார்த்தவர்களும் இருந்தார்கள். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியின் 'பரட்டை' தியோபிலஸ் அப்பாவு பறையையும் நாட்டுப்புற மெட்டையும் ஆராதனைக்குள் கொண்டுவந்தார். ஒரே உலையில் பொங்கிப் பகிர்ந்து உண்பதே நற்கருணை என்றார். சாவுக்கு அடிக்கிற பறையைப் பலிபீடத்தருகில் வைப்பதா என்று முகம் சுளித்தவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு.

பெந்தகோஸ்தே முடிந்தால் நீண்ட பச்சைக் காலம். பலிபீடத் துணி பச்சை, குருவின் மேலங்கி பச்சை, பெரிய திருவிழா குறைவு. அந்தப் பச்சைக்கு நடுவில்தான் ஆகஸ்ட் 10 வருகிறது. 1950-இல் அன்றுதான் குடியரசுத் தலைவரின் பட்டியல் சாதியினர் ஆணை வெளியானது. அதன் மூன்றாம் பத்தி, இந்து அல்லாத மதத்தைப் பின்பற்றுகிறவர் பட்டியல் சாதியினராகக் கருதப்படமாட்டார் என்றது. 1956-இல் சீக்கியர்களும் 1990-இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவரும் முஸ்லிமும் வெளியே. தனித்தொகுதியில் நிற்க முடியாது; ஒன்றிய அரசுப் பணியில் பட்டியல் சாதி இட ஒதுக்கீடு கிடையாது; அடித்தாலும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் துணைக்கு வராது. ஆகவே தலித் கிறித்தவர்கள் அன்று கறுப்பு நாள் அனுசரிக்கிறார்கள். கறுப்பு ஒரு காலத்தில் வழிபாட்டு நிறமாகவே இருந்தது. பெரிய வெள்ளிக்கும் கல்லறைத் திருநாளுக்கும் குருக்கள் கறுப்பு உடுத்தினார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு பெரிய வெள்ளி சிவப்புக்கு மாறியது. நாம் கறுப்பைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறோம், கோயில் வாசல் வரைக்கும்தான் என்றாலும்.

வாசல் வரைக்கும் என்றதுதான் என் சங்கடம். ஆகஸ்ட் 10-இன் கறுப்புக் கொடி டெல்லியைப் பார்த்து நிற்கிறது. ஆயர்கள் அறிக்கை விடுகிறார்கள், பேரணிக்கு வருகிறார்கள், நல்லது. ஆனால் டெல்லி கேட்கிற கேள்வியின் பதில் கோயிலுக்கு உள்ளே இருக்கிறது.

சென்னையைச் சேர்ந்த சூசையின் வழக்கை நினைத்துப் பாருங்கள். ஆதிதிராவிடர், கிறித்தவர், ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு மவுண்ட் ரோடு முனையில் வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்து செருப்புத் தைத்தவர். தெருவோரத் தொழிலாளிகளுக்கு அரசு இலவசமாகக் கொடுத்த பங்க் கடை, இந்துவாக இல்லாததால் அவருக்குக் கிடைக்கவில்லை. உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985 செப்டம்பர் 30 தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது. அதன் கொடுமை அதே கடுமையோடு புதிய மதத்துக்குள்ளும் தொடர்கிறது என்று நிரூபிக்க வேண்டும் என்றது நீதிமன்றம்.

இந்த நிரூபணத்தை யார் கொடுப்பது? செருப்புத் தைக்கிறவரா? கல்லறைப் பதிவேடு பங்கு அலுவலகத்தில் இருக்கிறது. தேர் எந்தத் தெருவில் திரும்பும் என்று முடிவு செய்கிறவர்கள் பங்குப் பேரவையில் இருக்கிறார்கள். திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் தலித் கத்தோலிக்கரைப் பிரித்து எழுப்பிய சுவரை யாரும் டெல்லியிலிருந்து வந்து கட்டவில்லை. அந்தச் சான்றுகளைச் சபை தானே முன்வந்து கொடுத்தால் தன் மீதே குற்றப்பத்திரிகை எழுதுவதாகும். அதனால்தான் அறிக்கைகளில் "சமூகத்தில் நிலவும் சாதி" என்று எழுதுகிறார்கள். "நம் பங்கில் நிலவும் சாதி" என்று எழுதுவது அபூர்வம்.

2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அந்த மூன்றாம் பத்தியை நீக்கச் சொன்னது. 2023 ஏப்ரல் 19-இல் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது. ஒன்றிய அரசோ அதற்கு முன்பே, 2022 அக்டோபரில், கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் அமைத்து மறுபடி ஆராயச் சொல்லியிருந்தது. திரும்பவும் அதே கேள்வி: மாறிய பிறகும் கொடுமை உண்டா?

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அடுத்துவரும் நவம்பர் இரண்டாம் ஞாயிறை இந்திய ஆயர் பேரவையும் தேசியத் திருச்சபைகள் மன்றமும் தலித் விடுதலை ஞாயிறு என்று குறித்திருக்கின்றன. வழிபாட்டு ஆண்டு முடிய இருக்கிற வாரங்கள் இவை. முதல் நாளில் செத்தவர்கள் எங்கே கிடக்கிறார்கள் என்று ஊரே நேரில் பார்க்கிறது. அடுத்து விடுதலையைப் பற்றி மன்றாட்டு வாசிக்கிறது. இரண்டுக்கும் இடையே உள்ள சில நாட்களில் ஒரு நோட்டு போட்டு எழுதலாம்: யாருடைய கல்லறை சுவருக்கு எந்தப் பக்கம், எந்தத் தெருவுக்குத் தேர் வராது, பேரவையில் எத்தனை தலித்துகள், கடைசியாக எப்போது ஒரு தலித் வீட்டுப் பெட்டி நடுவாசல் வழியாகப் போனது. அந்த ஞாயிறன்று பிரசங்க மேடையிலிருந்து அதை வாசித்துவிட்டு, ஆணையத்துக்கு அனுப்பலாம். கீழே முதல் கையெழுத்து பங்குத்தந்தையுடையதாக இருக்க வேண்டும்.