ஊதிப் பார்த்தவர்

போன வாரம் மகளுக்கு ரசத்தை ஊதி ஆற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். "குளிர்ல கை விறைச்சா ஊதித்தானே சூடு பண்றோம்? இப்ப ஊதினா எப்படிப்பா ஆறும்?" என்றாள். முழித்தேன். சித்தூரில் வளர்ந்த காலத்தில் எனக்குத் தோன்றாத கேள்வி.

தேடினால், 2500 வருஷத்துக்கு முன்பே ஒருவர் இதில் மாட்டிக்கொண்டிருக்கிறார். மிலேட்டஸ் (இன்றைய துருக்கி) ஊர்க்காரர் அனாக்சிமெனிஸ். எல்லாமே காற்றிலிருந்து வந்தது என்றவர்.

"அட, நம்ம காளஹஸ்தி வாயு லிங்கம்!" என்று சிலர் ஆரம்பிப்பது காதில் விழுகிறது :-) பிள்ளைகளிடம் 'எல்லாம் நம்மகிட்ட அப்பவே இருந்தது' என்று நானும் அளந்திருக்கிறேன். அதோடு அவள் அடுத்த கேள்வி கேட்பதில்லை என்பதைத் தாமதமாகத்தான் கவனித்தேன்.

அனாக்சிமெனிஸ் காற்று என்றதோடு நிற்கவில்லை. எப்படி மாறுகிறது என்றும் சொன்னார். நெகிழ்ந்தால் நெருப்பு, இறுக இறுக மேகம், நீர், மண், கல். சாட்சி நம் வாய். உதட்டைக் குவித்து ஊதினால் மூச்சு இறுகிக் குளிர்கிறதாம், வாயை அகலத் திறந்தால் நெகிழ்ந்து சுடுகிறதாம். சுமார் 600 வருஷம் கழித்து புளூட்டார்க் எழுதிவைத்ததால் நமக்குத் தெரிகிறது.

விளக்கம் தப்பு. அதையும் புளூட்டார்க்கே சொல்கிறார்: குவித்து ஊதும்போது கையில் படுவது வாய்க்கு முன்னால் இருக்கும் குளிர்ந்த காற்று என்று அரிஸ்டாட்டில் மறுத்தாராம். இன்றைய விளக்கமும் கிட்டத்தட்ட இதுதான். வேகமாகப் போகும் மூச்சு சுற்றியுள்ள காற்றையும் இழுத்துக்கொண்டு போகிறது. தப்பாக இருந்தாலும், தப்பு என்று காட்ட இடம் கொடுத்த விளக்கம். எனக்குப் பிடித்தது அதுதான்.

திருப்பதி - சித்தூர் பக்கம் காதங்கியில் தேசிய வளிமண்டல ஆய்வகம் இருக்கிறது. 1990களில் வந்த ராடார், 1024 ஆண்டெனாக்கள், 53 மெகாஹெர்ட்ஸ். மேலே வெப்பமும் ஈரமும் சீராக இல்லாத காற்றில் பட்டுத் திரும்பும் மெல்லிய அலையை வைத்துக் காற்றின் வேகத்தைக் கணிக்கிறார்கள். அந்தப் பக்கம் எத்தனை தடவை பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போயிருக்கிறேன்!

மகளிடம் அரிஸ்டாட்டில் கட்சியைச் சொன்னேன். நம்பவில்லை. உள்ளங்கையை உதட்டில் ஒட்டினாற்போல் வைத்து, குவித்து ஊதினாள். "சூடாத்தான்பா இருக்கு!" கையைத் தள்ளி வைத்து ஊதினாள். சில்லென்றது. ரசம் அதற்குள் ஆறிப்போயிருந்தது.